எரிவாயு பில் திடீரென எகிறினால், பணம் கட்டுவதற்கு முன் மீட்டரின் முகப்பைப் படியுங்கள்

எங்கள் வீட்டு எரிவாயு பில் ஒரே மாதத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. வீட்டில் ஆள் கூடவில்லை. புதிய அடுப்பு வாங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் எரிவாயு நிறுவனமும் அது அனுப்பிவைத்த மெக்கானிக்கும் என்னை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை எழுதுகிறேன். குழாய் வழியாக எரிவாயு வரும் வீட்டில் இருப்பவர்கள், அதிலும் அண்மையில் மீட்டர் மாற்றப்பட்டவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பில் வந்த அன்றே வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். "ரீடிங் சரியாகத்தான் இருக்கிறது மேடம், உங்கள் பயன்பாடு கூடியிருக்கிறது" என்றார் எடுத்தவர். எப்படிக் கூடும் என்று கேட்டேன். கசிவு இருக்கலாம், ஹீட்டர் பழுதாகியிருக்கலாம், எங்கள் மெக்கானிக்கை அனுப்புகிறோம் என்றார். கசிவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் மெக்கானிக் வந்ததோ ஆறு நாள் கழித்து. ஒரு வீட்டில் எரிவாயு கசியலாம் என்று தன் வாயாலேயே சொன்ன நிறுவனம், அந்த வீட்டை ஆறு நாள் அப்படியே விட்டுவைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் கொதிக்கிறது.

வந்தவர் நேராக வாட்டர் ஹீட்டரிடம் போனார். மூடியைக் கழற்றி, பர்னரை வெளியே எடுத்துக் காட்டி, "இதுதான் வாயுவைக் குடிக்கிறது, வால்வும் போய்விட்டது" என்றார். இரண்டையும் மாற்றினார். வருகைக் கட்டணம், பாகங்கள், கூலி என்று அவர் நீட்டிய ரசீது, நான் தகராறு செய்துகொண்டிருந்த பில்லையும் தாண்டியது. மீட்டர் பெட்டியின் கதவை அவர் திறக்கவே இல்லை. கழற்றிய பர்னரையும் வால்வையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவை உண்மையிலேயே பழுதாகியிருந்தனவா என்று சோதித்துப் பார்க்க என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. பழுது என்று சொல்லிக் கழற்றும் பொருளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க அவர் செய்திருக்க வேண்டியது மிக எளிது. அடுப்பு, ஹீட்டர், ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சிறு பைலட் சுடர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதன்மை வால்வை மட்டும் திறந்து வைத்து, மீட்டரில் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ள வேண்டும். அரை மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் வாயு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு நானே செய்து பார்த்தேன், ஓர் இலக்கம்கூட அசையவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாடை அடித்தால் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். இயற்கை எரிவாயுவுக்கென்று வாடை கிடையாது, கசிவு தெரியவேண்டும் என்றுதான் கந்தகச் சேர்மத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியே போய் நின்று அவசர உதவி எண்ணை அழையுங்கள். பில் எங்கும் ஓடிவிடாது.

அடுத்த மாத பில்லும் அதே உயரத்தில் வந்தது. நிறுவனத்தின் பதில் மாறவில்லை, பயன்பாடு கூடியிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு நானே நம்பத் தொடங்கிவிட்டேன். யார் அதிக நேரம் குளிக்கிறார்கள், யார் அடுப்பை அணைக்க மறக்கிறார்கள் என்று வீட்டுக்குள் விசாரணை நடந்தது. நடத்தியவள் நான்தான். ஒரு நாள் காலையில் அம்மா குளியலறையிலிருந்து உதடு நடுங்க வந்தார். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. "தண்ணீர் அப்படி ஒன்றும் குளிரவில்லை, நீ பில்லைப் பற்றிக் கவலைப்படாதே" என்றார். மூன்று வாரமாகப் பச்சைத் தண்ணீரில் குளித்துவந்திருக்கிறார். மூட்டு வலிக்கு வெந்நீர் ஊற்றச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு அலமாரியில் அப்படியே இருந்தது.

அன்றிரவு ஓராண்டு பில்களையும் மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். முதலில் பார்த்தது, ரீடிங் உண்மையில் எடுக்கப்பட்டதா, உத்தேசமா என்பதை. சில மாதங்கள் உத்தேசமாகக் குறைத்துப் போட்டுவிட்டு, பிறகு ஒரே மாதத்தில் மொத்தப் பாக்கியையும் ஏற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் பில்லில் எல்லாம் உண்மை ரீடிங்தான். அடுத்து, பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் மீட்டரில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்தேன். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு மீட்டர் நம் பெயரில் பதிவாகியிருப்பதும் உண்டு. நம் அடுப்பைப் பற்றவைத்ததும் நம் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும். எங்கள் எண் பொருந்தியது, மீட்டரும் ஓடியது. மீட்டரில் தசமப் புள்ளிக்குப் பிறகு வரும், பெரும்பாலும் சிவப்பில் இருக்கும் இலக்கங்களையும் சேர்த்துப் படித்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டேன். அதுவும் இல்லை.

பிறகுதான் தேதி கண்ணில் பட்டது. பில் எகிறிய மாதமும் எங்களுக்குப் புதிய மீட்டர் பொருத்திய மாதமும் ஒன்றே. கைவிளக்கோடு போய் மீட்டரின் முகப்பைப் படித்தேன். கன மீட்டர் என்ற குறி தெளிவாக இருந்தது. பில்லில், ரீடிங் வித்தியாசத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், "நூறு கன அடி" என்று அச்சாகியிருந்தது.

பழைய மீட்டர் நூறு கன அடிக் கணக்கில் ஓடியது. 100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். ஆகவே பழைய மீட்டரின் ரீடிங்கை 2.83 ஆல் பெருக்குவது சரி. புதிய மீட்டர் நேரடியாகக் கன மீட்டரிலேயே அளக்கிறது. கருவியை மாற்றியவர்கள் கணினியில் அலகை மாற்றவில்லை. அந்த மாதம் எங்கள் மீட்டர் ஓடியது 48 கன மீட்டர். அதை 2.83 ஆல் பெருக்கி 135.84 ஆக்கியிருந்தார்கள். ஒரு கன மீட்டருக்கு 39 மெகாஜூல் வெப்ப மதிப்பு என்று பில்லிலேயே இருந்தது. அதைப் பெருக்கி 3.6 ஆல் வகுத்தால் கிலோவாட் மணி. 520 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 1,472 வந்திருந்தது. அவ்வளவு வாயு தீரவேண்டுமானால், 3 கிலோவாட் பெரிய பர்னர் ஒன்றை மாதம் முழுவதும் நாளுக்கு 16 மணி நேரம் அணைக்காமல் எரித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை நிறுவனத்தில் ஒருவராவது ஒரு நிமிடம் போட்டுப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் எழுத்தில் புகார் கொடுத்தேன். மீட்டர் முகப்பு, மீட்டர் எண், அலகு மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படத்தையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த பில்களையும் இணைத்தேன். தொலைபேசியில் பேசியதற்கெல்லாம் எந்தப் பதிவும் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதனால் முதல் அழைப்பிலேயே புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முதலில் வந்த இரண்டு பதில்களும் ஒரே வாசகம், பயன்பாடு கூடியிருக்கிறது. இடையில் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு நோட்டீசும் வந்தது. மூன்றாவது கடிதத்தில் கணக்கை வரிவரியாக எழுதி, இதில் எந்த வரி தவறு என்று மட்டும் கேட்டேன். அதன் பிறகு பிழையை ஒப்புக்கொண்டு, கூடுதலாக வாங்கியதை அடுத்த பில்களில் கழிப்பதாகத் தெரிவித்தார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் அந்தக் கடிதத்தில் இல்லை.

மெக்கானிக்குக் கொடுத்த பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். அவர் தனி ஒப்பந்ததாரராம், அவருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லையாம். தொலைபேசியில் "எங்கள் மெக்கானிக்" என்று சொல்லி அனுப்பியவர்களே அவர்கள்தான். இல்லாத பழுதுக்கு நான் கொடுத்த அந்தப் பணத்துக்காகத் தனியாக மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

கடிதம் கைக்கு வந்த மாலையில், எங்களுக்கு மீட்டர் மாற்றிய அதே நாளில் மாற்றப்பட்ட மற்ற மூன்று வீடுகளின் கதவையும் தட்டினேன். இரண்டு வீட்டு பில்களில் அதே "நூறு கன அடி". ஒரு வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர், தவறு தன்மேல்தான் என்று நினைத்து மூன்று மாதமும் முழுத்தொகையைக் கட்டியிருக்கிறார். அவருடைய மீட்டரை நானே படமெடுத்து, அவருக்கான புகார்க் கடிதத்தை அன்றிரவே எழுதிக்கொடுத்தேன்.