மூன்று வருடம் ஈயர்ஸ் டெம்ப்ளேட்: இந்தப் 'போது' படுத்தும் பாடு

கூடப் படித்த நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "ரிக்வயர்மென்ட் எல்லாம் ஈயர்ஸ் டெம்ப்ளேட்டில்தானே எழுதுற, நானும் மாறலாமா?" ரிக்வயர்மென்ட் என்றால் ஒரு செயலி என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் வாக்கியங்கள்; ஈயர்ஸ் (EARS) அவற்றை எழுத ஒரு வாக்கிய அச்சு. அவன் கேட்ட நேரம் சரியில்லை. மண்டபம் பக்கம் ஒரு நண்டு கொள்முதல் கொட்டகைக்கு நாங்கள் செய்து கொடுத்த செயலியை அன்றுதான் சரிபார்த்துவிட்டு ராமநாதபுரம் திரும்பியிருந்தேன்.

ரோல்ஸ் ராய்ஸில் ஆலிஸ்டர் மேவினும் உடன் வேலை பார்த்தவர்களும் விமான எஞ்சின் விதிகளை அலசப்போய்க் கண்டுபிடித்து, 2009-ல் வெளியிட்ட முறை இது. வென் (when), வைல் (while), இஃப் (if), வேர் (where) என்று நான்கு தொடக்கம், நடுவில் வேலையைச் செய்ய வேண்டிய அமைப்பின் பெயர் (எங்களுக்குச் செயலி), அப்புறம் ஒரு ஷால் (shall), அதாவது 'வேண்டும்'. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனக்கு இது செய்த பெரிய உபகாரம் நடுவில் வரும் அந்தப் பெயர்தான். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நின்றுவிடும். "ரசீது அனுப்ப வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். யார் அனுப்புவது, செயலியா, கணக்கு எழுதுகிறவரா? டெம்ப்ளேட் அந்த இடத்தைக் காலியாக விடாது. "மீன்பிடித் தடைக்காலம் நடப்பில் இருக்கும் வரை, செயலி விசைப்படகின் பெயரில் கொள்முதலை ஏற்கக் கூடாது." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. எழுதிக் கொடுத்த அன்றோடு சரி, அதைப் பற்றி ஒரு சந்தேகமும் திரும்பி வரவில்லை.

ஆனால் இந்தப் 'போது'! ஆங்கிலத்தில் வென் ஒரு நொடி நிகழ்வு, வைல் நீடிக்கும் நிலை. நம் 'போது' இரண்டுக்கும் வரும். நான் எழுதியது இது: "நெட் இல்லாதபோது, செயலி எடைப் பதிவைப் போனில் சேமிக்க வேண்டும்." நெட் இல்லாத நேரம் முழுக்க என்று நினைத்து எழுதினேன். கோட் எழுதிய தம்பி, நெட் போகும் அந்த நொடியில் என்று படித்தார். அவர் படித்ததிலும் தப்பில்லை. நெட் அறுந்த நொடியில் திறந்திருந்த ஒரே பதிவு போனில் பத்திரமாக இருந்தது. அதற்குப் பின் வந்த பதினான்கும் போச்சு.

அங்கே எடை எழுதும் அக்கா பழைய டைரி ஒன்றில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஐஸ் தண்ணீர் சொட்டிய விரல் பட்டு 3 எது, 8 எது என்று தெரியாத பக்கம். "வல்லத்துக்காரங்க நிக்கிறாங்க தம்பி, யாருக்கு எவ்வளவுன்னு நான் என்ன சொல்ல?" என்றார். பேனா பிடித்தவன் நான். பதில் இல்லை.

இப்போது எங்கள் ஆவணங்களில் 'போது' தடை. நிகழ்வுக்கு 'உடன்', நிலைக்கு 'இருக்கும் வரை'. "தராசில் எடை நிலைத்தவுடன்", "நெட் இல்லாமல் இருக்கும் வரை". இதோடு முடிந்தால் பரவாயில்லை. 'ஆல்' வேறு இருக்கிறதே. "படகு வந்தால்" என்பது வழக்கமாக நடப்பதா, நடக்கக் கூடாதது நடந்துவிட்டதா? இஃப் என்பதை வேண்டாத நிலைமைக்கென்றே ஒதுக்கி வைத்த முறை இது. தமிழில் அந்த வேலி நிற்க மாட்டேன் என்கிறது. 'ஒருவேளை' போட்டுப் பார்க்கிறோம், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று வருடத்தில் "இதில் யார் செய்யணும்?" என்று கேட்டு வரும் போன் அநேகமாக நின்றேவிட்டது. அதற்குக் காரணம் இந்த டெம்ப்ளேட்தான், அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் நண்பனுக்கு வேண்டாம் என்றுதான் பதில் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதினால் தாராளமாக எடுத்துக்கொள், தமிழில் எழுதித் தமிழிலேயே படிக்கும் குழு என்றால் இப்போதைக்குத் தொடாதே என்றேன்.

செயலியைச் சரிசெய்த பிறகும் அந்த அக்கா டைரியை மூடவில்லை. ஒவ்வொரு எடையையும் போனில் ஒரு தடவை, டைரியில் ஒரு தடவை எழுதுகிறார். அதைப் பார்த்துவிட்டு வந்தவனிடம்தான் அவன் கேட்டான்.