கான்டெஸா பார்க்கப் போனபோது கையில் இருந்த பெயின்ட் மீட்டர்

பழைய கார் ஆசை பிடித்தவன் வீட்டில் பெரிதாகத் திட்டு வாங்காமல் வாங்கக்கூடிய ஒரே சாமான் இந்த பெயின்ட் தடிமன் மீட்டர்தான். ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. டிவி ரிமோட்டில் பாதி அளவு. தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் ஒரு பீப், மேலே எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெயின்ட் ஏறியிருக்கிறது என்று எண் வரும். ஒரு இடத்தில் மட்டும் எண் எகிறினால், அங்கே அடிபட்டதையோ துருப்பிடித்ததையோ மூடி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரும்பு, அலுமினியம் இரண்டிலும் வேலை செய்யும், ஃபைபரில் வைத்தால் பேசாமல் இருக்கும்.

வாங்கியது கான்டெஸாவுக்காக. நம்ம ஊர் மசில் கார், அதாவது முரட்டு பலம் காட்டுகிற கார், என்று ஆளாளுக்குச் செல்லம் கொஞ்சுகிற அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வண்டி. உடம்பு இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டருடையது, 1984-இல் வந்தபோது உள்ளே இருந்ததோ அம்பாசடரில் ஓடிய 1489 சிசி என்ஜின், பார்க்கத்தான் பயில்வான், மேம்பாலம் ஏறினாலே மூச்சு வாங்கும். பிற்பாடு இசுஸு 1.8 என்ஜின் போட்ட பிறகுதான் உடம்புக்கு ஏற்ற நெஞ்சு கிடைத்தது. இன்றைக்கு எல்லாரும் தேடுவது அந்த 1.8 ஜிஎல்எக்ஸைத்தான். இத்தனை பேர் தேடினால், இல்லாததையும் செய்து கொடுக்க ஆள் வராமலா இருப்பார்கள்?

சென்னை பெசன்ட் நகரில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் நின்றது வண்டி. கடல் அங்கிருந்து நாலு தெரு. ஐந்தரை லட்சம் சொன்னார்கள், டிக்கியில் 1.8 ஜிஎல்எக்ஸ் என்று பளபளவென்று எழுத்து. புதுப்பேட்டையில் ரொம்ப வருஷமாகக் கை கறுத்த ஒரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப் போயிருந்தேன்.

மீட்டரை பானெட்டில் வைத்தேன், 210. கூரையில் 190. முன் கதவுகள் இரண்டிலும் 240-ஐ ஒட்டி வந்தது. கம்பெனி பெயின்ட் என்றால் பெரும்பாலும் 100-லிருந்து 180-க்குள் இருக்கும் என்பார்கள், ஆனால் முப்பது வயது வண்டியில் அந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள், அது இதற்குள் இரண்டு தடவையாவது சட்டை மாற்றியிருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். இங்கே வலது பின்பக்கம் 260, இடது பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே, 1100. அங்கிருந்து ஒரு சாண் கீழே வைத்தால் எண்ணே வரவில்லை. என் மீட்டர் 2000 மைக்ரான் வரைதான் அளக்கும், அதற்கு மேலே போனால் கோடு கோடாகக் காட்டிவிட்டுக் கையை விரித்துவிடும். பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பெயின்டுக்கு அடியில் பூசுவார்களே பட்டி, அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல்! அதற்கு அடியில் தகடு மிச்சம் இருந்ததா, உப்புக்காற்று தின்றது போக வலைதான் இருந்ததா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அண்ணன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். கதவில் டங், அந்த இடத்தில் டொக். "இதுக்கு நீ மூவாயிரம் குடுத்தியா தம்பி?" என்றார். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் முன் கண்ணாடி ஓரத்துத் தூணில் அவர் தட்டிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்ற இடத்தில் மீட்டர் 480 காட்டியது, எதிர்ப்பக்கத் தூணில் 200. மெல்லிய பட்டி காதுக்குத் தப்பிவிடும். டார்ச் அடித்துக் கிட்டப்போய்ப் பார்த்தபோது ரப்பருக்குக் கீழே வெல்டிங் வைத்த தழும்பு நூல் மாதிரி தெரிந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, மீட்டரை வாங்கி அவரே இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். என் காசு அப்போதே வசூல்.

ஆனால் ஒன்று, வண்டி அசல்தானா என்ற கேள்விக்கு இந்த மீட்டரிடம் பதில் கிடையாது. அதற்கு ஆர்சி புக், டார்ச், ஒரு பென்சில், வெள்ளைத்தாள் போதும். ஆர்சியில் கியூபிக் கெபாசிட்டி என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். 1.8 என்றால் 1817 இருக்க வேண்டும். இவர்கள் புக்கில் 1489. சேஸிஸ் நம்பரைத் துடைத்து, தாளை ஒட்டிப் பிடித்து, ஆர்டிஓ ஆபீசுக்கு எடுப்பது போலப் பென்சிலால் தேய்த்தோம், அது ஒத்துப் போனது. என்ஜின் நம்பர் ஒரு எழுத்துகூட ஒத்துப் போகவில்லை. அம்பாசடர் 1800 ஐஎஸ்இஸட்டிலும் இசுஸு என்ஜின்தான், அப்படி ஒன்றிலிருந்து கழற்றியதாக இருக்கும் என்றார் அண்ணன். விற்கிறவர் அசரவே இல்லை. "பவர் ஜாஸ்தி தானே சார், உங்களுக்கு லாபம்!"

என்ஜின் மாற்றுவது குற்றம் இல்லை. ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்றாமல் விட்டால், வண்டி ஓடத் தகுதியானது என்று சொல்லும் எஃப்சியைப் புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொண்டு முழிக்கப் போவது வாங்கினவன்தான்.

அமெரிக்காவிலும் இதே கூத்து பெரிய அளவில் நடக்கிறது. 60-களின் ஃபோர்டு மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்தில் நாலு நட்டு, எட்டு சிலிண்டர் வி8-க்கு ஐந்து, குனிந்து எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 1967-லிருந்து வந்த ஃபோர்டு என்றால் கம்பெனிப் பதிவிலிருந்தே ரிப்போர்ட் காசு கொடுத்து வாங்கலாம். ஷெவர்லே செவெல் காரின் எஸ்எஸ் மாடல்தான் தலைவலி, 1968 வரை சேஸிஸ் நம்பரே எஸ்எஸ் என்று சொல்லும், 1969-லிருந்து அது வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டதால் நம்பர் வாயைத் திறக்காது, பழைய காகிதம் இருந்தால் உண்டு. கான்டெஸாவுக்கு அந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு எங்கே போவது, ஆர்சியும் பென்சிலும்தான்.

மீட்டரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கூட வரும் இரும்புத் துண்டில் வைத்து ஜீரோ செய்யவேண்டும், மறந்தால் எண் எங்கேயோ போகும். வளைந்த விளிம்பில் வைத்தால் உளறும், ஒரே இடத்தில் மூன்று தடவை வையுங்கள். நம்ம மதிய வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது, பெசன்ட் நகரில் அண்ணனின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் படித்தேன். பேட்டரி மூடி முதல் வாரமே லொடலொடத்துவிட்டது, ரப்பர் பேண்டில் ஓடுகிறது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அண்ணன் கடைக்கு ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார், மூடி கெட்டியாக இருக்கிற மாடலாகப் பார்த்து.