திருவொற்றியூர் தேரடி மெட்ரோ: மணலியிலிருந்து போய் வருகிறவளின் விமர்சனம்

வீடு மணலி சின்ன சேக்காட்டில். வேலை தேனாம்பேட்டையில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்ப்பது. 2022 மார்ச்சில் தேரடி ஸ்டேஷன் திறந்ததிலிருந்து போக வர இந்த மெட்ரோதான். ரயிலுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து. வீட்டு வாசலிலிருந்து ரயில் வரைக்கும் உள்ள நாலைந்து கிலோமீட்டருக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பிகளுக்காக.

முதலில் ரயிலைச் சொல்லிவிடுகிறேன். தேரடியில் ஏறி, ஆபீஸ் பக்கத்தில் இருக்கிற ஏஜி-டிஎம்எஸ் ஸ்டேஷனில் இறங்க அரை மணி போதும். 40 ரூபாய் டிக்கெட், கியூஆரில் எடுத்தால் 20 சதவீதம் குறைந்து 32. ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் பாதிக் கட்டணம். முன்பெல்லாம் டோல்கேட்டில் நின்று, பாரிமுனை வரைக்கும் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கி, அங்கே மாறி, ஆபீஸ் போய்ச் சேரும்போது புடவையெல்லாம் கசங்கி வியர்த்து இருக்கும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை எந்த நாள் எவ்வளவு நீளம் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரமும் ஆகும், இரண்டும் ஆகும். இப்போது தண்டையார்பேட்டைக்கு வடக்கே தூண் மேல் ஓடுகிற ரயில் ஜன்னல் வழியாக அதே லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே போகிறேன். பெண்களுக்குத் தனிப் பெட்டி இருப்பதால் இரவு பத்து மணிக்குத் திரும்பினாலும் வீட்டில் பயப்படுவதில்லை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஜி.எச்.சுக்கு மாதா மாதம் கூட்டிப் போகணும். தேரடியில் தரையிலிருந்து லிஃப்ட், சென்ட்ரலில் இறங்கினால் மறுபடி லிஃப்ட், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. பஸ் படியில் ஏற முடியாமல் இரண்டு வருஷம் வீட்டை விட்டு வெளியே வராதவர், இப்போது பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்கவும் கிளம்பிவிடுகிறார். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால், மேலூரில் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்க்கிற கூட்டம் தேரடியில் வந்து இறங்கும். அன்றைக்கு எஸ்கலேட்டரில் பூக்கூடையும் எலுமிச்சம்பழ மாலையுமாக இருக்கும். இந்த ஊருக்கு மெட்ரோ எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் ஒரு பௌர்ணமிக்கு வந்து பார்க்கட்டும்.

அப்படிக் கேட்டார்கள் என்பது உண்மை. முதல் கட்டத் திட்டம் வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பிய ராயபுரம் எங்கள் பக்கம். ஆனால் மெட்ரோ எங்கள் பக்கம் எட்டியது 2021 பிப்ரவரி 14 அன்று, அதிலும் தேரடி ஸ்டேஷன் திறந்தது அடுத்த வருஷம்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டருக்கு 3,770 கோடி ரூபாய். வடசென்னை மக்கள் பைக்கையும் ஷேர் ஆட்டோவையும் விட்டு இறங்க மாட்டார்கள், அவர்களுக்கு 40 ரூபாய் கட்டாது என்று பேசியவர்களுக்குக் காலை எட்டரை மணி ரயிலே பதில்.

ஆனாலும் 40 ரூபாய் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா ஒருவர், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அதிலேயேதான் போகிறார், ஒரு மணி நேரம் கூடுதலானாலும். அவருக்கு அந்த 32 ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு. மெட்ரோ வந்ததால் பஸ்ஸைக் குறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அவரை மனதில் வைத்துத்தான்.

இனி அந்த நாலைந்து கிலோமீட்டர்.

சாயந்திரம் ஆறே முக்காலுக்குத் தேரடியில் இறங்கினால் மணலி பக்கம் போகிறவர்கள் தனியாகத் தெரிவார்கள். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்போம். பஸ் உண்டு, அது எப்போது வரும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஷேர் ஆட்டோ வந்ததும் ஓட்டுகிற தம்பி என் முகம் தெரிந்து, "அக்கா, சேக்காடுதானே? ஏறுங்க, இன்னும் ரெண்டு பேர் வந்தா கிளம்பிடலாம்" என்பார். பின் சீட்டில் நான்கு பேர், முன்னால் அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். சாத்தாங்காடு வழியாகப் போனால் இரும்புக் கம்பி ஏற்றின ட்ரெய்லர் முன்னால் நிற்கும். கம்பி முனையில் கட்டின சிவப்புத் துணி ஆட்டோ கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி ஆடும். பக்கத்தில் டேங்கர். நடுவில் பள்ளம். மழைக்காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற சாலைச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போகணும். தேனாம்பேட்டையிலிருந்து தேரடிக்கு அரை மணியில் வந்தவள், தேரடியிலிருந்து வீட்டுக்குப் போக முக்கால் மணி ஆன நாட்கள் நிறைய.

அதனால்தான் எங்கள் பகுதியில் வீட்டுக்கு இரண்டு பைக். ஆசைப்பட்டு வாங்கினது இல்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும் ஒன்று வாங்கித் தராவிட்டால் அது படிப்பை விட்டுவிடும் என்கிற நிலைமை. மாதத் தவணை, பெட்ரோல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டின் வாடகை அளவுக்குப் போகிறது. அந்த லாரிகளுக்கு நடுவில் பிள்ளை பைக் ஓட்டிப் போனால் அது வீடு திரும்பும் வரை யாருக்கும் சோறு இறங்காது.

என் சொந்தத் தம்பி அமெரிக்காவில் ஷார்லட் நகரத்துக்கு வெளியே இருக்கிறான். கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஊர் அது. அங்கே 2007 நவம்பரில் லைட் ரயில், அதாவது மெட்ரோவை விடச் சின்னதான, எடை குறைந்த ரயில், ஓடத் தொடங்கியது. அதற்காக 1998இல் மக்களே ஓட்டுப் போட்டு, வாங்குகிற பொருளுக்கு டாலருக்கு அரை சென்ட் வரி கூடுதலாகக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். ரயில் திறக்கப் போகிற அதே மாதம் அந்த வரியை ரத்து செய்யச் சொல்லி இன்னொரு ஓட்டெடுப்பு வந்தது. மக்கள் ரத்து வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். 2018இல் பல்கலைக்கழகம் வரைக்கும் நீட்டி, இப்போது 26 ஸ்டேஷன், ஏறக்குறைய 31 கிலோமீட்டர். "இங்க எல்லாரும் காரை ஸ்டேஷன்ல போட்டுட்டுத்தான்க்கா ரயில் ஏறுவாங்க, அதுக்கே அடுக்கு மாடி பார்க்கிங் கட்டி வச்சிருக்காங்க" என்றான். அங்கே ஜனங்கள் எப்படி வருவார்கள் என்பதைப் பார்த்து, அதற்கு வேண்டியதை ரயிலோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அடுக்கு மாடி கார் பார்க்கிங் வேண்டாம். வீட்டுப் பக்கத்திலேயே ஏறி, தேரடியில் இறங்கி, மெட்ரோவுக்கு மாறுகிற வண்டி வேண்டும்.

அந்த வண்டி லைட் ரயிலாக இருக்கலாமா? இருக்கணும் என்பதுதான் என் கருத்து. மணலிக்கு ஆள் ஏறுகிற ரயில் ஸ்டேஷன் ஒன்றுகூட கிடையாது. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலாவது இருக்கிறது, அதை அடிக்கடி விட்டால் அங்கே பாதிப் பிரச்சினை தீரும். மணலிக்கு அதுவும் இல்லை. இன்னொன்று, மணலி வெறும் தூங்கி எழுகிற ஊர் இல்லை. 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது, பின்னால் உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள். காலையில் நாங்கள் நகரத்துக்குப் போகிற அதே நேரத்தில் நகரத்திலிருந்து ஷிஃப்டுக்கு ஆட்கள் இங்கே வருகிறார்கள். என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவர்கள் தண்டையார்பேட்டையிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வருகிறவர்கள். போகும்போதும் வரும்போதும் ஆள் இருக்கிற பாதை ரயில் நடத்துகிறவர்களுக்கு வாய்ப்பது அபூர்வம்.

பாதையும் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. திருவொற்றியூரில் கிளம்பி, சாத்தாங்காடு, மணலி மார்க்கெட், மாத்தூர், மாதவரம் பால்பண்ணை. சுமார் பத்து கிலோமீட்டர். இரண்டாம் கட்ட மெட்ரோவில் சிறுசேரி சிப்காட் போகிற பாதையும் சோழிங்கநல்லூர் போகிற பாதையும் மாதவரத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டையும் இந்தப் பக்கத்து நீல வழித்தடத்தோடு சேர்த்துவிட்டால் மணலிக்காரர்கள் எந்தத் திசைக்கும் போகலாம், சென்ட்ரல் வரை போய்ச் சுற்ற வேண்டியதில்லை. மணலி புதுநகருக்கு ஒரு கிளை விட்டால் அய்யா வைகுண்டர் பதிக்கு வருகிற கூட்டத்துக்கும் ஆகும்.

செலவைப் பார்ப்பது என் தொழில், அதனால் அதையும் பார்த்தேன். வண்ணாரப்பேட்டை-விம்கோ நகர் நீட்டிப்பு கிலோமீட்டருக்கு 400 கோடிக்கு மேல். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, கிலோமீட்டருக்கு 530 கோடியைத் தாண்டுகிறது. மெட்ரோலைட் என்று ஒன்றிய அரசு 2019இல் தரவரையறை வெளியிட்ட லைட் ரயிலுக்கு மெட்ரோ செலவில் 40 சதவீதம் போதும் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மலிவு பெரும்பாலும் சாலை மட்டத்திலேயே, வேலி போட்டு ஓட்டுவதால் வருவது. எங்கள் சாலையில் அது நடக்காது. நாற்பது அடி கன்டெய்னர் திரும்புகிற ஒவ்வொரு சந்திப்பிலும் ரயில் நின்று நின்று போகணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மணலி பகுதி எப்படி மூழ்கியது, வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை எப்படிப் போனது என்று பார்த்தவர்கள் தரையில் தண்டவாளம் போடச் சொல்ல மாட்டார்கள். இந்த நகரத்தில் 1895 முதல் 1953 வரை தரையில்தான் டிராம் ஓடியது. அந்தக் காலத்துத் தெருவில் ட்ரெய்லர் இல்லை.

ஆகவே தூண் போட்டுத்தான் கட்டணும், 40 சதவீதத்தில் முடியாது, பாதிக்கு மேலேயே ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் கட்டலாம் என்கிறேன். நாட்டுக்கு டீசலும் உரமும் தருகிற ஊர் எங்களுடையது. அதன் புகையை நாங்கள் மூச்சில் வாங்குகிறோம், அதன் லாரிகளுக்கு எங்கள் சாலையைக் கொடுத்திருக்கிறோம். அந்த ஊருக்கு ஒரு ரயில் கேட்பது அதிகமில்லை.

ஒரு ரயில் பாதை வரைபடத்திலிருந்து தண்டவாளமாக மாறப் பத்து வருஷம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் இதே வழியில் சிற்றுந்து விடட்டும். காலை ஐந்து மணிக்கு முதல் மெட்ரோ, இரவு பதினொன்றுக்குக் கடைசி. அந்த நேரம் முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒன்று, நேரத்தை நிறுத்தத்தில் எழுதிப் போட்டு. ஸ்டேஷன் வாசலிலேயே அது நிற்கணும். இருட்டில் சாலையைக் கடந்து ஓடிப்போய் ஏற வைக்கக் கூடாது. மெட்ரோ அட்டையையே அதில் தட்டி ஏற முடியணும், அங்கேயும் பெண்களுக்கு இலவசம் இருக்கணும். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஒரு வருஷம் எண்ணினால் லைட் ரயிலுக்கு வேண்டிய ஆதாரம் அதிலேயே கிடைத்துவிடும். இதையேதான் எங்கள் நலச்சங்கத்து மனுவில் எழுதி, தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். மணலி, மாத்தூர் பக்கம் இருந்து தினமும் தேரடிக்கோ விம்கோ நகருக்கோ வந்து மெட்ரோ ஏறுகிறவர்கள், நீங்கள் ஏறுகிற நேரத்தையும் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆகிற செலவையும் கீழே எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.