சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது, நானும் நம்பினேன்: மொபிலிட்டி ஸ்கூட்டர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அம்மாவுக்கு வாங்கிய மொபிலிட்டி ஸ்கூட்டரில், அதாவது நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டியில், நான் ஏமாந்த கதை இது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். விற்றவரின் பெயரைப் போடப் போவதில்லை. அவர் செய்த வேலையை யாரும் எங்கேயும் செய்யலாம், ஆகவே ஆளைவிட வேலையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் கைத்தடியை ஊன்றி நடந்துவிடுவார், வாசலைத் தாண்டினால் யாராவது கூட வர வேண்டும். யாரையும் கூப்பிடாமல் தானே வெளியே போய்வர வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் நான்கு சக்கர ஸ்கூட்டர் தேடினேன். "ஷோரூமில் டெமோவுக்கு வைத்திருந்த வண்டி, பேட்டரி மட்டும் புத்தம் புதுசு, 35 ஏஎச், ஒரு சார்ஜில் 30 கிலோமீட்டர் போகும்" என்றார் விற்றவர். ஏஎச் (ஆம்பியர் அவர்) என்பது பேட்டரியின் கொள்ளளவு. புது வண்டியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. சார்ஜரைச் செருகிக் காட்டினார். ஐந்து நிமிடத்துக்குள் சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது. "பாருங்க சார், பேட்டரி ஃபுல்லா நிக்குது." வழுவழுப்பான தரையில் அம்மா இரண்டு சுற்று ஓட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒரு பக்கம் ஆமை, ஒரு பக்கம் முயல் படம் இருந்தது. "நான் ஆமையிலேயே போறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எதையும் சோதிக்கவில்லை. தப்பு என் மேலும் இருக்கிறது.

நாங்கள் கிளம்பும்போது விற்றவர் ஒரு அறிவுரை வேறு சொன்னார்: "பேட்டரி சுத்தமா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும், இல்லைன்னா ஆயுசு குறைஞ்சுடும்." பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பேச்சு அது. இந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது மூடப்பட்ட லெட் ஆசிட் பேட்டரி. அதற்கு இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. காலியாகக் கிடக்கக் கிடக்க உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. வெளியே போய்வந்த அன்றே, கொஞ்ச தூரம்தான் போயிருந்தாலும் சரி, இரவு முழுக்கச் சார்ஜ் போட வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் பிற்பாடு வந்த மெக்கானிக் அண்ணன்தான். அதற்குள் மூன்று மாதம் நாங்கள் "சுத்தமா தீர்ந்த பிறகு" என்று காத்திருந்தோம்.

முதல் மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது மாதம் எட்டு ஒன்பது கிலோமீட்டரிலேயே மீட்டர் முள் சிவப்புக்கு வந்துவிடும். போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம்: அம்மாவின் எடை அதிகம், ரோடு சரியில்லை, டயரில் காற்று குறைவு. டயரில் காற்று குறைந்தால் தூரம் குறையும் என்பது உண்மைதான், அதனால் அதையும் நம்பிக் காற்றடித்தேன். கம்பெனிகள் சொல்லும் தூரமே சமதளத்தில், புது பேட்டரியில், நிற்காமல் ஓட்டினால் கிடைப்பது. நடப்பில் அதில் கொஞ்சம் குறைவது இயல்பு. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால் அது இயல்பில்லை.

அடுத்து, ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் வண்டி நின்றுபோக ஆரம்பித்தது. பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அதை அமுக்கினால் மறுபடி ஓடும். சர்க்யூட் பிரேக்கர் அது. அளவுக்கு மீறிக் கரண்ட் பாயும்போது தானே துண்டித்துக்கொள்ளும். விற்றவர் அனுப்பிய ஆள் வந்து பத்தே நிமிடத்தில் "சரி பண்ணிட்டேன் சார்" என்றார். அதற்குப் பிறகு பட்டன் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. போகிற போக்கில், சாய்தளத்தின் அடியில் உரசுகிறது என்று அம்மா சொன்ன இரண்டு குட்டிச் சக்கரங்களையும் பின்பக்கத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது சும்மா அழகுக்கு வெச்சது" என்றார். ஏற்றத்தில் வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடாமல் தாங்குவதற்காக வைத்த சக்கரங்கள் அவை.

நான்காவது மாதம் நடந்ததை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. மேடான ஒரு தெருவில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி செத்துப்போய்விட்டது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. இந்த வண்டிகளில் மோட்டாரோடு சேர்ந்து ஒரு மின்காந்த பிரேக் இருக்கும். நமக்குப் பழக்கமான பிரேக்குக்கு நேர் எதிர் அது. கரண்ட் போனால் பிடிக்கும், கரண்ட் வந்தால் விடும். பேட்டரி தீர்ந்தால் வண்டி நின்ற இடத்திலேயே பூட்டிக்கொண்டு நிற்கும், தள்ளினாலும் நகராது. தள்ள வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் ஃப்ரீவீல் லீவரை மாற்ற வேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உதவிக்கு வந்த ஒரு பையனுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் பாதிதான் தெரிந்திருந்தது. அம்மா சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே லீவரை இழுத்துவிட்டான். அந்த லீவரை இழுத்தால் பிரேக் என்பதே இல்லை. ஆளும் வண்டியுமாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. தெருவில் இருந்த இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து கைப்பிடியையும் சீட்டின் முதுகையும் பிடித்து நிறுத்தினார்கள். அம்மாவுக்குக் காயம் ஒன்றும் இல்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை, "இனிமே அது வேண்டாம்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. முதலில் ஆளை இறக்க வேண்டும், சரிவாக இருந்தால் வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் லீவர், தள்ளி முடித்ததும் பழையபடி மாற்றிவைக்க வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போது இதைச் சொல்லித்தர அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

யுபிஎஸ், சக்கர நாற்காலி எல்லாம் பழுது பார்க்கும் ஒரு அண்ணனை அதற்குப் பிறகு கூப்பிட்டேன். பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். பேட்டரிக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே தெர்மாகோல் துண்டுகள் திணிக்கப்பட்டிருந்தன. "இந்தப் பெட்டி பதிமூணு சென்டிமீட்டர் அகல பேட்டரிக்குச் செஞ்சது தம்பி. உள்ள இருக்கறது எட்டுகூட இல்ல. ஆடாம இருக்கத்தான் இதை அடைச்சிருக்கான்." பேட்டரி மேல் 35 ஏஎச் என்று பளபளவென ஸ்டிக்கர். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். அடியில் கம்பெனி அச்சடித்த எழுத்து: 12 வோல்ட், 20 ஏஎச். உடம்பு எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றை அதன் மேல் வைத்தார். ஆறு கிலோ. 35 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி என்றால் 10 கிலோவை ஒட்டி இருக்கும் என்றார். ஸ்டிக்கரில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஈயத்தின் எடையை அப்படி அடிக்க முடியாது. மூடியில் பொறித்திருந்த தயாரிப்புத் தேதி, நாங்கள் வாங்கிய நாளுக்கு மூன்று வருடம் முந்தியது.

"அப்போ பச்சை விளக்கு எப்படிண்ணே எரிஞ்சுது?" என்று கேட்டேன். பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது சார்ஜருக்குத் தெரியாது. வோல்டேஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது, கரண்ட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. சல்பேட் படிந்த பேட்டரியில் கரண்ட் உள்ளே போகாது, வோல்டேஜ் மட்டும் சட்டென்று ஏறும். நிறைந்துவிட்டது என்று நினைத்துச் சார்ஜர் பச்சையைக் காட்டிவிடும். குடத்துக்குள் பாதிக்கு மேல் மண் இருந்தால் ஒரு சொம்பிலேயே நிரம்பி வழியுமே, அப்படித்தான். ஓடிக் களைத்த வண்டிக்கு ஐந்து பத்து நிமிடத்தில் பச்சை வந்தால் சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. நல்ல பேட்டரி நிறையப் பல மணி நேரம் எடுக்கும்.

கடைசியாகத்தான் அந்த பிரேக்கரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது அப்போதுதான். பட்டன் வெளியே வராததன் ரகசியம் ஒரு விரல் நீள வயர். பிரேக்கரின் இரண்டு முனைகளையும் அந்த வயரால் நேரடியாக இணைத்திருந்தார்கள். ஏற்றத்தில் மோட்டார் திணறும்போது துண்டிக்க வேண்டியது துண்டிக்காமல் கரண்ட் முழுக்க அந்த வயர் வழியே போயிருக்கிறது. மேலே இருந்த சிவப்பு பிளாஸ்டிக் உருகிக் கருத்து, பக்கத்து வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதற்கு நேர் மேலேதான் அம்மாவின் சீட். பேட்டரியில் ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், இந்த வயரை மறக்க மாட்டேன்.

பழைய வண்டியோ டெமோ வண்டியோ வாங்கப் போகிறீர்கள் என்றால் கடைக்குள் ஓட்டிப் பார்ப்பது எதற்கும் உதவாது. ஓட்டப்போகிறவரையே உட்கார வைத்து ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஏறும்போது முள் தடாலென்று விழுந்து, நின்றதும் பழைய இடத்துக்கு எழுந்துவந்தால் பேட்டரி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், முழுச் சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் சும்மா விட்டு, இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டும் தொடராக இணைந்து 24 வோல்ட் தருவதால் ஒன்று சோடையானால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும், மாற்றும்போதும் இரண்டையும் ஒரே வகையில் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். கார் பேட்டரியை வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிடுங்கள். அது வண்டியைக் கிளப்ப ஒரு நொடி பலம் தருவதற்குச் செய்தது, மணிக்கணக்கில் ஓட்டுவதற்கில்லை. லித்தியம் பேட்டரிக்கு மாறுவதானால் சார்ஜரும் அதற்கேற்றதாக மாற வேண்டும்.

சார்ஜ் போடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசல் கதவை ஒட்டிப் போட்டிருந்தோம், சௌகரியமாக இருந்ததால். அந்த உருகிய வயரைப் பார்த்த அன்றே இடத்தை மாற்றினேன். தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டிய வழியில்தான் அதுவரை வண்டி நின்றிருந்தது.

விற்றவரிடம் போனேனா? போனேன். ஸ்டிக்கரைக் காட்டினால் "கம்பெனியிலேயே அப்படித்தான் வந்தது" என்றார். வயரைக் காட்டினால் அது தன் ஆள் செய்ததே இல்லை என்றார். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை எடுத்துக் காட்டினார்: பேட்டரி, டயர், பல்பு ஆகியவற்றுக்கு வாரண்டி பொருந்தாது. பில்லில் பேட்டரியின் ஏஎச் எழுதியிருக்கவில்லை, நானும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. "35 ஏஎச், புதுசு" என்று அவர் வாயால் சொன்னதுதான், வாட்ஸாப்பில்கூட ஒரு வரி கிடையாது. எழுத்தில் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். நான் கத்தினேன், அவர் டீ வாங்கிவரச் சொன்னார். பணம் திரும்பவில்லை.

அண்ணன் சரியான அளவில் இரண்டு பேட்டரி போட்டு, பிரேக்கரைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். ஏற்றத்தில் பட்டன் இப்போது துருத்துவதில்லை, அதைத் தடுக்க வயரும் இல்லை. அம்மாவை மறுபடி வண்டியில் உட்கார வைக்க மூன்று வாரம் ஆயிற்று. ஆமையைத் தாண்டுவதில்லை. ஏறி உட்கார்ந்ததும் பின்னால் திரும்பி லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். குட்டிச் சக்கரங்கள் இரண்டும் இன்னும் விற்றவரிடம்தான் இருக்கின்றன. நான்கு முறை கேட்டுவிட்டேன், தேடிப் பார்க்கிறேன் என்கிறார். இந்த மாடலுக்கு அவை தனியாகக் கிடைக்குமா என்று அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். கிடைக்கும் வரை சாய்தளம் பக்கம் அம்மாவை நான் விடுவதாக இல்லை.