கீசர் போட்டா கரண்ட் போகுதா? பழையபேட்டை ரிப்பேர் கடை பத்தி

கிருஷ்ணகிரில மார்கழி காலைல பச்சத்தண்ணில கை வைக்க முடியாது. எங்க வீட்டு 25 லிட்டர் கீசர் போட்ட அஞ்சு நிமிஷத்துல டப்புனு வீடு மொத்தமும் கரண்ட் போயிடும், விழுந்த ஸ்விட்ச தூக்கி விட்டா நிக்கும், தண்ணி சூடேற ஆரம்பிச்சா மறுபடி போயிடும், பத்து நாளா அப்பாவுக்கு அடுப்புலதான் தண்ணி காய வெச்சோம்.

முதல்ல வந்த எலக்ட்ரீசியன் கீசர திறந்துகூட பாக்கல, ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்ற ஸ்விட்ச்) வீக்கு, அத எடுத்துட்டு டைரக்டா குடுத்துடலாம்னாரு. அப்பா ஒத்துக்கவே இல்ல. யார் சொன்னாலும் அதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க, ஈரக் கையோட நிக்கிற இடம் அது.

அப்புறம்தான் பழையபேட்டைல இருக்கிற இந்த சின்ன கடைக்கு போன் பண்ணேன். "எது விழுதுங்க, லோடு அதிகமானா விழற எம்சிபியா, இல்ல டெஸ்ட் பட்டன் இருக்கிற ஆர்சிசிபியா?"ன்னு முதல்லயே கேட்டாரு. 2000 வாட்ஸ் கீசர் 9 ஆம்பியர்கிட்ட தான் எடுக்கும், 16 ஆம்பியர் எம்சிபி அதுக்கெல்லாம் விழாது, ஆர்சிசிபி விழுந்தா எங்கயோ எர்த்துக்கு லீக் ஆகுதுன்னு அர்த்தம், 30 மில்லி ஆம்பியர் லீக் ஆனாலே கட் பண்ணிடும்னு சொன்னாரு.

வந்து கீசர் ஒயர கழட்டி விட்டுட்டு ஆன் பண்ணாரு, விழல, அப்ப வீட்டு ஒயரிங் நல்லா இருக்கு. மல்டிமீட்டர்ல காயில் 26 ஓம் காட்டுச்சு, அது சரியான அளவுதானாம், ஆனா மெக்கர்னு இன்சுலேஷன் பாக்கிற மீட்டர வெச்சு காயிலுக்கும் பாடிக்கும் நடுவுல பாத்தப்ப முள்ளு ஜீரோகிட்டயே படுத்துடுச்சு, அதாவது லீக் அங்கதான். காயில வெளிய எடுத்தா சுண்ணாம்பு பூசின மாதிரி உப்பு, ஸ்க்ரூ டிரைவரால தட்டினா ஓடு ஓடா உதிருது, அடில முடி அளவுக்கு ஒரு விரிசல். அது வழியா தண்ணி உள்ள இருக்கிற வெள்ளப் பவுடர்ல இறங்கி கரண்ட் பாடிக்கு வந்திருக்கு. உப்ப இழுத்துக்கும்னு நாங்க நினைச்ச ஆனோடு ராடு துருப்பிடிக்காம டேங்க காப்பாத்தறதுக்குத்தானாம், அதுலயும் வெறும் கம்பிதான் மிச்சம். எல்லாம் போர் தண்ணி பண்ற வேலை.

காயில், ராடு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேத்து 1,850 ரூபா, பில்லு குடுத்தாரு, பழைய காயிலயும் கைல குடுத்தாரு. குறைன்னா காலைல வரேன்னு சொல்லி சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வந்தாரு, கேஸ்கெட் இல்லாம வேலை மறுநாளைக்குப் போச்சு. ஆனா ரெண்டு மாசமா ஒரு தடவைகூட ட்ரிப் ஆகல. போகும்போது ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்கிக் காட்டி மாசம் ஒரு தடவ இப்படி பாருங்கன்னாரு, இப்ப ஒண்ணாம் தேதியானா அப்பாதான் அமுக்குறாரு.