கும்பகோணத்தில் அப்பாவின் கால் புண் ஆறிய இடம்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 16 வருஷம். போன குறுவைக்கு வெறுங்காலோடு வரப்பு வெட்டப் போனவர், கட்டை விரலடியில் நத்தை ஓடு குத்தியதை உணரவே இல்லை. புண் 8 மாதம் ஆறவில்லை. முதலில் பார்த்த இடத்தில் 3 முறை ஆன்டிபயாடிக் எழுதினார்கள். மாத்திரை இருக்கும்வரை காயும். நிறுத்திப் பத்தே நாளில் கட்டுத்துணியில் மறுபடி மஞ்சள் நீர். லேப் ரிப்போர்ட்டிலோ அந்த மருந்து கேட்கும் என்றே இருந்தது. பிறகு ஏன் ஆறவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

கும்பகோணத்தில் கால் புண்ணுக்கென்றே இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்கு வந்தோம். டாக்டர் மழுங்கிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டார். 'டிக்' என்று கல்லில் பட்ட சத்தம். எலும்பு வரை போயிருந்தது. அப்பா முகம் சுளிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

"ஐயா, கோரைக்கு மருந்தடிச்சா என்ன ஆகும்?"

"மேல கருகும். கெழங்கு உள்ள கெடக்கும், தண்ணி பாஞ்சா வந்துரும்."

"இதுவும் அப்படித்தான்."

கிருமிகள் புண்ணில் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. பயோஃபிலிம் என்கிறார்கள். அதற்குள் சில கிருமிகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும். பெனிசிலின் வகை மருந்து, கிருமி தன் சுவரைக் கட்டும்போதுதான் கொல்லும். சும்மா கிடப்பதை விட்டுவிடும். 1944லேயே ஜோசப் பிகர் என்ற கிருமி ஆய்வாளர் இவற்றுக்குப் 'பெர்சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டாராம். இவை மருந்தை எதிர்க்கப் பழகியவை அல்ல. விழித்துப் பெருகினால் அதே மருந்துக்குச் சாகும். லேபில் சோதிப்பது அப்படிப் பெருகுபவற்றைத்தான். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

எலும்புத் துணுக்கை எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். 6 வாரம் மருந்து. வாராவாரம் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். சுரண்டிய இரண்டு மூன்று நாளில் படலம் திரும்பக் கட்டிவிடுமாம். பாதத்தில் பாரம் விழாமலிருக்க எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. பதினோராவது வாரம் புண் மூடியது.

கட்டு போடும் சிஸ்டரைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் அப்பாவின் நகக்கண்ணில் காய்ந்த சேற்றைப் பார்த்துவிட்டு, "வயலுக்குப் போனீங்களாப்பா?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். திட்டவில்லை, சேற்றைத் துடைத்துவிட்டுக் கட்டினார்.

கட்டுக்கு 350 ரூபாய், வாரம் இருமுறை என்றால் எங்களுக்குக் கனம்தான். கிளினிக் மாடியில், லிஃப்ட் கிடையாது. கால் நோயாளிக்கு இது கொடுமை, மாற்றியே ஆக வேண்டும். ஏற முடியாதவர்கள் கீழே மருந்துக் கடையில் சொன்னால் சிஸ்டர் இறங்கி வருவார். டோக்கன் காலை 8 மணிக்கு.