மின்சார மெழுகுக் கத்தியுடன் ஆறு ஆண்டுகள்

காரைக்குடியில் பல் செட் கட்டும் சிறிய லேப் என்னுடையது. செட்டை முதலில் மெழுகில்தான் கட்டுவோம். மின்சாரத்தில் முனை சூடேறும் மெழுகுக் கத்தியை நான் வாங்கியதற்கு முதல் காரணம் மின்விசிறி. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காய்ச்சினால் விசிறியை நிறுத்தியாக வேண்டும். சித்திரை வெயிலில் அப்படி உட்கார்ந்தால் வேர்வை, வாயின் அச்சான மாடல்மேல் சொட்டும். இப்போது விசிறி சுற்றுகிறது, வேலையும் நடக்கிறது.

பல்லின் கழுத்தைச் சுற்றி மெழுகு ஊற்றி நிரப்புவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. விளக்கில் காய்ச்சிய கத்தி முதலில் கொதிக்கும், அரை நிமிடத்தில் ஆறிவிடும். கொதிக்கும்போது பட்டால் பல்லைப் பிடித்திருக்கும் மெழுகே இளகி, அடுக்கிய பல் நகர்ந்துவிடும். இதில் சூடு ஒரே சீராக நிற்கிறது. நான் நூறு டிகிரிக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறேன். புகை கிளம்பும் அளவுக்கு ஏற்றினால் மெழுகு கெடும்.

ஆனால் ஈறு விளிம்பைச் செதுக்க இது உதவாது. சூடான முனை விளிம்பை மழுக்கிவிடுகிறது. மெழுகு நன்றாக ஆறிய பிறகு லெக்ரான் கார்வர் என்ற பழைய செதுக்குக் கத்திதான் கைக்கு வருகிறது. கடைவாய்ப் பற்களுக்குக் கார்வரை ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்துப் பிடிப்பேன், முன்பற்களுக்கு 60. அடுத்தது வேர்ப் புடைப்பு, அதாவது ஈறில் வேர் இருக்கும் இடத்து மேடு: மேல் தாடையில் கோரைப்பல்லுக்கு நீளம் அதிகம், அதற்கு முந்திய பல்லுக்குக் குறைவு. இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் ஈறு, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கும்.

ஒருமுறை அந்தச் சுவரைத்தான் ஓர் ஆச்சிக்குக் கட்டிக்கொடுத்தேன். மெழுகு செட்டை வாயில் வைத்துப் பார்க்கும் ட்ரையலுக்கு டாக்டர் என்னையும் அழைத்திருந்தார். ஆச்சி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “என் பேத்தியின் ஈறை எனக்கு வைத்துவிட்டாயே தம்பி” என்றார். அங்கேயே உட்கார்ந்து, வயதானவர் ஈறு போலக் கழுத்து விளிம்பைச் சற்று மேலேற்றினேன். பல்லிடைச் சதையை மட்டும் குழியவிடாமல் குவிவாகவே விட்டேன். வெற்றிலை போடுகிறவர், குழிந்தால் பாக்குத் தூள் தங்கும்.

வேறொரு முறை தேவகோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுபோன ட்ரையல் செட்டில் முன்பல் ஒன்று சாய்ந்திருந்தது. வைகாசி மதியம், குற்றம் கத்தியுடையது அல்ல. மெழுகுத் தகட்டில் மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று வகை உண்டு. வெயில் ஊருக்குக் கடினமானதுதான் சரி. விலை குறைவு என்று நான் மென்மையானதை வாங்கியிருந்தேன். இப்போது ட்ரையல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டிபன் பாக்ஸில்தான் பயணம் போகிறது. சரி என்று திரும்பி வந்தால் அன்றைக்கே, மெழுகுக்குப் பதில் அக்ரிலிக் வார்க்கும் அச்சுப் பெட்டியான ஃபிளாஸ்க்கில் போட்டுவிடுகிறேன். ஆறிய மெழுகுக்குள்ளும் இழுப்பு இருக்கும், நாள் கடந்தால் பல் தானாக நகரும்.

ஆறு ஆண்டில் முனை ஒருமுறை மாற்றினேன். டயலில் எண்கள் தேய்ந்துவிட்டன, கைக்கணக்கில் திருப்புகிறேன். முனை பொருத்தும் கைப்பிடியைப் பேனா என்போம், இதில் இரண்டு உண்டு. இரண்டாவது பேனாவை நான் தொட்டதே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன். ஒற்றைப் பேனா வகையே போதும்.

ஸ்பிரிட் விளக்கும் மேசையைவிட்டுப் போகவில்லை. செதுக்கி முடித்த மெழுகின் மேல் தீயை ஒரு நொடி ஓடவிட்டு, ஈரப் பஞ்சால் தேய்த்தால்தான் பளபளப்பு வருகிறது. அந்த ஒரு நொடிக்காக எழுந்துபோய் விசிறியை நிறுத்துகிறேன்.